கேக் தொழிலுக்கு உடுத்துவது எப்படி: அடுப்படியிலிருந்து வாடிக்கையாளரின் வாசல் வரை

கேக் செய்யக் கற்றுக்கொள்ளத் தொடங்குபவர்கள் ஓவன், மிக்ஸர், அச்சுத் தட்டுகள் ஆகியவற்றைப் பற்றி நிறையவே விசாரித்துக்கொள்கிறார்கள். எதை உடுத்திக்கொண்டு அந்த வேலையைச் செய்வது என்ற கேள்வியோ பெரும்பாலும் முதல் பெரிய ஆர்டர் வந்த பிறகுதான் எழுகிறது. சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் அடுப்படியிலிருந்து சிறிய அளவில் கேக் செய்து விற்கத் தொடங்கியிருப்பவர்களை மனத்தில் வைத்தே இந்த விளக்கத்தை எழுதுகிறேன். பேக்கரியில் வேலைக்குச் சேரப் போகிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

கேக் வேலைக்கான உடையைத் தேர்ந்தெடுக்க ஒரே ஓர் அளவுகோல் போதும் என்பது என் கருத்து. அடுப்படியில் நம் இரு கைகளிலும் வெண்ணெயோ மாவோ அப்பியிருக்கும். டெலிவரியின்போது இரு கைகளிலும் கேக் பெட்டி இருக்கும். கண்ணில் விழும் முடியை ஒதுக்கவோ, நழுவும் துப்பட்டாவை இழுத்துவிடவோ, செருப்பு வாரை மாட்டவோ இரண்டு இடத்திலும் கை ஒழியாது. ஆகவே, உடுத்தி முடித்த பிறகு கையின் உதவியை ஒருமுறைகூடக் கேட்காத உடையே இந்தத் தொழிலுக்கு ஏற்ற உடை.

படி 1: வேலை உடையைத் தனியாகப் பிரித்து வையுங்கள்

வீட்டில் அன்றாடம் உடுத்தும் நைட்டியும் கைலியும் இதற்கு உதவா. சோஃபாவிலும் படுக்கையிலும் உட்கார்ந்து எழுந்த துணியில் முடியும் பஞ்சும் ஒட்டியிருக்கும். அவை கேக்கின் மீது விழுவதற்கு ஓர் அசைவு போதும். 2024 செப்டம்பர் 1 முதல் வீவக வீடுகளிலும் பூனை வளர்க்க அனுமதி இருப்பதால், பூனை உள்ள வீட்டினர் வேலை உடையை மூடி போட்ட பெட்டியில் வைப்பதும், உடுத்திய பிறகு ஒட்டும் உருளையால் தோளிலிருந்து முழங்கால் வரை ஒருமுறை உருட்டி எடுப்பதும் கட்டாயம்.

அந்தப் பெட்டியில் அந்துருண்டை போடாதீர்கள். வெண்ணெயும் கிரீமும் பக்கத்தில் இருக்கும் வாசனையை விரைவில் ஏற்றுக்கொள்ளும் பொருள்கள். அதே காரணத்துக்காக, வேலை நாளில் வாசனைத் திரவியமும் வேண்டாம். சாம்பிராணி போடும் வெள்ளிக்கிழமையில் வேலை உடையைப் பூசையறைக்கு அருகில் தொங்கவிடவும் வேண்டாம்.

படி 2: உடுத்துவதற்கு முன் கழற்ற வேண்டியவை

கேக்கில் தவறி விழக்கூடியவற்றில் நாம் மறந்தே போகும் ஒன்று, ஸ்டிக்கர் பொட்டு. அடுப்படியின் வெக்கையில் நெற்றி வியர்த்தால் அதன் பசை இளகிவிடும். குனிந்து பைப்பிங் (கூம்புப் பையால் கிரீமைப் பிழிந்து அலங்கரிப்பது) செய்துகொண்டிருக்கும்போது அது எப்போது விழுந்தது என்பது நமக்கே தெரியாது. சாக்லேட் தூவிய கேக்கில் ஒரு சிறிய கறுப்புப் பொட்டைக் கண்டுபிடிக்கவும் முடியாது. வேலை தொடங்கும் முன் அதை எடுத்துக் குளியலறைக் கண்ணாடியில் ஒட்டிவைத்துவிடுங்கள்.

வளையல், கைக்கடிகாரம், கல் பதித்த மோதிரம் மூன்றையும் கழற்றிவிட வேண்டும். கல்லின் அடியில் நுழைந்த பச்சை மாவையும் முட்டையையும் எவ்வளவு கழுவினாலும் முழுமையாக எடுக்க முடியாது. தாலியைக் கழற்ற விரும்பாதவர்கள், அதை ரவிக்கைக்கோ டி-ஷர்ட்டுக்கோ உள்ளே விட்டு, வெளியே வராதபடி கழுத்தை ஒட்டிய உடையை மேலே அணிந்துகொள்ளலாம். மஞ்சள் கயிறாக இருந்தால் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் கயிறு நெய்யையும் பாலையும் உறிஞ்சிக்கொள்ளும். கோயிலில் மணிக்கட்டில் கட்டிய கயிற்றுக்கும் இதே சிக்கல் உண்டு. அடுத்த முறை கட்டும்போது முழங்கைக்கு மேலே கட்டச் சொல்லலாம். மூக்குத்தியின் திருகு இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள், நகச்சாயம் வேண்டாம்.

முடியை எண்ணெய் வழியாமல் வாரிக் கொண்டையிட்டு, வலைத்தொப்பியால் காது உட்பட மூடி, அதன் மீது துணித் தொப்பியோ பருத்திக் கைக்குட்டையோ கட்ட வேண்டும். வலை முடியைத் தடுக்கும். வியர்வையைத் தடுப்பது துணிதான். நம் ஊரின் ஈரப்பதத்தில் ஓவன் எரியும் அடுப்படியில் நிற்கும்போது நெற்றியில் துணி இல்லையென்றால், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை முழங்கையால் முகத்தைத் துடைக்க வேண்டியிருக்கும். தாடி வைத்திருப்பவர்களுக்கு அதற்கென்றே வலை கிடைக்கிறது. தலையில் பூ வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டாம்.

படி 3: மேலாடையை வேலையின் கட்டத்துக்கு ஏற்ப மாற்றுங்கள்

தொழில்முறைச் சமையலர்கள் அணியும் வெள்ளைச் சட்டையை எல்லாரும் படத்தில் பார்த்திருப்போம். அந்த வெள்ளை உடை பரவியதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுபவர் பாரிஸைச் சேர்ந்த மாரி-அந்துவான் கரேம் (1784–1833). சர்க்கரையாலும் மாவாலும் கோபுரங்களையும் மண்டபங்களையும் கட்டி எழுப்பிப் புகழ்பெற்ற இனிப்புக் கலைஞர் அவர். ஆகவே அந்தச் சட்டையைக் கேக் செய்பவர்கள் தங்கள் சொந்தச் சொத்தாகவே கருதலாம். அதன் முன்பக்கம் இரண்டு மடிப்பாக வருவதற்குப் பயன் உண்டு. சூடான பாகு தெறித்தால் இரட்டைத் துணி தோலைக் காக்கும். ஒரு பக்கம் அழுக்கானால் மடிப்பை மாற்றிப் போட்டுச் சுத்தமான பக்கத்தை வெளியே காட்டலாம்.

ஆயினும் குளிர்சாதனம் இல்லாத வீட்டு அடுப்படியில் அந்தக் கனமான சட்டையை நாள் முழுவதும் அணிந்திருப்பது கடினம். தொடக்கநிலையில் உள்ளவர்கள் அதை வாங்கியே ஆக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். கழுத்தை ஒட்டிய, பருத்தி கலந்த டி-ஷர்ட் போதும். கவனிக்க வேண்டியது சட்டைக் கையின் நீளத்தை. ஓவனிலிருந்து தட்டை எடுக்கும்போது மேல்தட்டின் கம்பி முன்கையில் பட்டுக் கோடு கோடாகச் சுடும், ஆகவே அப்போது முழுக்கை நல்லது, அல்லது முழங்கை வரை நீளும் ஓவன் கையுறை வேண்டும். கிரீம் பூசும்போதோ முழுக்கையின் ஓரம் கேக்கின் விளிம்பில் உரசி, அரைமணி நேரம் சமன் செய்த பரப்பை ஒரே கணத்தில் கெடுத்துவிடும். எனவே, உருட்டி மேலே ஏற்றினால் நழுவாமல் நிற்கும் கையுள்ள சட்டையைத் தேர்ந்தெடுங்கள். ஏற்றிப் பார்த்து, கையை நான்கைந்து முறை மடக்கி நீட்டிய பிறகும் இறங்காவிட்டால் அது சரியான சட்டை.

சர்க்கரைப் பாகு வேலை செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கடினமாக உடையும் பதத்துக்குப் பாகு சுமார் 150 டிகிரி செல்சியஸ் வரை காய வேண்டும். அது தோலில் ஒட்டினால் தண்ணீரைப் போல வழிந்து ஓடாது. அன்று மட்டும் எவ்வளவு வியர்த்தாலும் முழுக்கைப் பருத்தி உடையும் மூடிய காலணியும் வேண்டும்.

நிறத்தைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். கறை தெரியாது என்பதற்காகக் கறுப்பு உடையைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. வெள்ளை ஃபாண்டன்ட் (கேக்கின் மீது போர்த்தும் சர்க்கரைப் பசை) வேலைக்கு அது ஆகாது. ஃபாண்டன்டை உருட்டிப் பரப்பும்போது நாம் மேசையின் மீது சாய்ந்து முழு உடல் பலத்தையும் கொடுக்கிறோம். அப்போது உடையிலிருந்து உதிரும் நூலிழை அந்த ஒட்டும் பரப்பில் படிந்துவிடும், ஊசிமுனையால் அதை எடுக்கப் போனால் எடுத்த இடத்தில் தழும்பு விழும். வெளிர்நிறப் பருத்தியின் இழை விழுந்தாலும் கண்ணை உறுத்தாது. ஆகவே ஃபாண்டன்டின் நிறத்துக்கு நெருங்கிய நிறத்தில் உடை இருப்பது நல்லது. குளிரூட்டிய அறையில் ஃபாண்டன்ட் வேலை செய்பவர்கள் குளிருக்காகக் கம்பளி ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டாம். உள்ளே இன்னொரு டி-ஷர்ட் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: ஏப்ரன்

மார்பை மறைக்கும் நீண்ட ஏப்ரன் வேண்டும். இடுப்பில் மட்டும் கட்டுவது கேக் வேலைக்குப் போதாது. கழுத்தில் தொங்கும் வகையைவிட முதுகில் வார்கள் குறுக்காகப் போகும் வகை சிறந்தது, ஏனென்றால் மணிக்கணக்கில் குனிந்து நிற்பவர்களின் பிடரியை முதல் வகை வலிக்கச் செய்துவிடும். மார்புப் பையில் பேனாவோ தெர்மாமீட்டரோ வைக்காதீர்கள். குனிந்த உடனே அது மாவுக் கிண்ணத்துக்குள் போய்விடும். மாவு கலக்குவதற்கு ஒன்று, கிரீம் பூசுவதற்கு இன்னொன்று என்று ஏப்ரனை இடையில் மாற்றுவது நல்ல பழக்கம்: பச்சை முட்டையும் மாவும் தெறித்த துணி, அப்படியே சாப்பிடப்போகும் கேக்கின் அருகில் வரக்கூடாது. கழிப்பறைக்குப் போகும்போதும் கதவைத் திறக்கப் போகும்போதும் ஏப்ரனைக் கழற்றி மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

படி 5: கையுறையும் முகக்கவசமும்

கையுறை போட்டுவிட்டால் எல்லாம் சுத்தம் என்ற எண்ணம்தான் கையுறையால் வரும் பெரிய ஆபத்து. கையுறையோடு கைப்பேசியைத் தொட்டுவிட்டு அதே விரலால் கேக்கைத் தொடுபவர்களைப் பார்க்கிறோம். மாவு கலக்கும் கட்டத்தில் சோப்பால் நன்றாகக் கழுவிய வெறுங்கை போதும். வெந்து ஆறிய கேக்கைத் தொடும்போது கருவியையோ புதிய கையுறையையோ பயன்படுத்த வேண்டும். மாவுத்தூள் பூசாத நைட்ரைல் கையுறையை வாங்குங்கள். நீல நிறமாக இருந்தால் கிழிந்த துண்டு விழுந்தாலும் உடனே தெரியும். விரலில் வெட்டுக்காயம் இருந்தால் பிளாஸ்டரின் மீது கையுறை கட்டாயம்.

உரிமம் பெற்ற உணவுக் கடைகளில் உணவைக் கையாள்பவர்கள் முகக்கவசமோ எச்சில் தடுப்போ அணிய வேண்டும் என்பது விதி. வீட்டிலிருந்து சிறிய அளவில் செய்பவர்களுக்குச் சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமம் தேவையில்லை. பாதுகாப்பாகச் செய்யும் பொறுப்பு மட்டும் முழுமையாக அவர்களுடையது. முகத்தைக் கேக்குக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பேசிக்கொண்டே பூப்போடுகிறோம் என்பதை எண்ணிப் பார்த்தால், விதி இல்லாவிட்டாலும் முகக்கவசம் அணிவதே முறை.

படி 6: அடுப்படிக் காலணி

நம் வீடுகளில் வெறுங்காலோடு சமைப்பதே வழக்கம். கேக் வேலையில் வெண்ணெய் தரையில் சொட்டும், கத்தி விழும், கனமான தட்டு விழும். வழுக்காத அடிப்பாகமும் மூடிய முன்பக்கமும் உள்ள, தண்ணீரில் கழுவக்கூடிய காலணி ஒன்றை அடுப்படிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: டெலிவரிக்குக் கிளம்பும்போது

அடுப்படி உடையோடு டெலிவரிக்குப் போகக்கூடாது. மாவு படிந்த டி-ஷர்ட்டைப் பார்க்கும் வாடிக்கையாளர் அடுத்ததாகப் பார்ப்பது கேக்கைத்தான். சுத்தமான போலோ டி-ஷர்ட், கருநிற நீளக் காற்சட்டை, மூடிய காலணி ஆகியவை பெரும்பாலான இடங்களுக்குப் பொருந்தும். ஹோட்டல் திருமணங்களுக்குச் சரக்கு இறக்கும் வாயில் வழியாகத்தான் போக வேண்டியிருக்கும். அங்கே காவலர்கள் பெயரைப் பதிந்துகொள்வார்கள், ஆகவே அடையாள அட்டை எளிதில் எடுக்கும் இடத்தில் இருக்கட்டும். மண்டபத்துக்குள் கேக்கை அடுக்கி நிறுத்தும்போது விருந்தினர்கள் வந்துவிட்டிருக்கலாம், அங்கே முழுக் கறுப்பு உடை கண்ணில் படாமல் வேலையை முடிக்க உதவும். அதே திருமணத்துக்கு நீங்களும் விருந்தினராக அழைக்கப்பட்டிருந்தால், கேக்கை வைத்து முடித்த பிறகு சேலைக்கு மாறுங்கள். முந்தானையோடு மூன்றடுக்குக் கேக்கைத் தூக்கக் கூடாது.

நம் நாட்டில் டெலிவரி உடையின் உண்மையான சோதனை வாடிக்கையாளரின் வீட்டு வாசலில்தான் நடக்கிறது. கதவு திறக்கும், உள்ளே வந்து சாப்பாட்டு மேசையில் வைத்துவிடுங்கள் என்பார்கள், காலணியைக் கழற்றாமல் உள்ளே போக முடியாது, கையிலோ இரண்டு கிலோ கேக். கயிறு கட்டும் ஷூ அணிந்திருந்தால் அந்த இடத்திலேயே மாட்டிக்கொள்வோம். குதிகாலை ஒன்றோடொன்று அழுத்திக் கழற்றக்கூடிய, கயிறில்லாத மூடிய காலணியே இந்த வேலைக்கு ஏற்றது. அடுத்த சிக்கல் காலுறை: பளிங்குத் தரையிலும் வழவழப்பான ஓட்டிலும் சாதாரணக் காலுறை சறுக்கும். அடியில் ரப்பர்ப் புள்ளிகள் பதித்த காலுறையை அணிந்து செல்லுங்கள். கோயிலை ஒட்டிய மண்டபங்களிலும் இதே ஏற்பாடு கைகொடுக்கும்.

தோளில் குறுக்காக மாட்டும் பை, குனியும்போது முன்னால் ஊசலாடிப் பெட்டியில் மோதும். கைப்பேசி, கார்ச் சாவி, அட்டை ஆகியவற்றை ஜிப் வைத்த காற்சட்டைப் பையிலோ, முதுகுப்பக்கம் திருப்பிய இடுப்புப் பையிலோ வையுங்கள். கொண்டோமினியத்தில் காவலரிடம் பதிய வேண்டுமென்றால் கேக்கை வாகனத்திலேயே விட்டுவிட்டுப் போய்ப் பதிந்துவிட்டு வாருங்கள். ஓட்டி வரும் வழியெல்லாம் வாகனத்தில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருக்கட்டும், வெண்ணெய் 32 டிகிரியை நெருங்கும்போதே உருகத் தொடங்கிவிடும், நம் மதியவேளை வெயில் அந்த அளவை எளிதில் தொட்டுவிடுகிறது. கேக்குக்காகக் குளிரை அதிகமாக வைக்கும் வாகனத்தில் நமக்கு ஒரு மெல்லிய மேற்சட்டை வேண்டும், இறங்கும்போது அதைக் கழற்றிவிடலாம்.

மழைக்குக் குடை பயன்படாது, பிடிக்கக் கை இல்லை. தலைமூடியுள்ள மழையங்கியை வாகனத்தில் எப்போதும் வைத்திருங்கள். டிசம்பர், ஜனவரி மாதங்களில் அதை உடுத்திக்கொண்டே இறங்கும் நாள்கள் வரும். அங்கியின் முன்விளிம்பிலிருந்து நீர் பெட்டியின் மீது வழியாதபடி பொத்தான்களை முழுவதும் போட வேண்டும், பெட்டிக்கும் தனியாகத் தெளிவான பிளாஸ்டிக் உறை வேண்டும். வாகன நிறுத்தத்திலிருந்து மின்தூக்கி வரை கூரையிட்ட நடைபாதை இருக்கும் வழியை முன்கூட்டியே வாடிக்கையாளரிடம் கேட்டு வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. ஒரு சிறிய பையில் சுத்தமான ஏப்ரன், இரண்டு ஜோடிக் கையுறை, வலைத்தொப்பி, சிறிய ஸ்பேட்டுலா, கொஞ்சம் கிரீம் ஆகியவை இருந்தால், வழியில் ஓரம் நசுங்கியதை அங்கேயே சரிசெய்துவிடலாம்.

படி 8: துவைத்தலும் உலர்த்தலும்

வெண்ணெய்க் கறையில் முதலில் பாத்திரம் கழுவும் திரவத்தைத் தேய்த்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு, பிறகு 60 டிகிரி வெந்நீரில் துவைக்கவும். முட்டைக் கறைக்கு இது நேர்மாறு: வெந்நீர் பட்டால் முட்டை துணியிலேயே வெந்து ஒட்டிக்கொள்ளும், ஆகவே முதலில் குளிர்ந்த நீரில் அலச வேண்டும். துண்டுகளோடு சேர்த்துத் துவைத்தால் அவற்றின் பஞ்சு முழுவதும் ஏப்ரனில் ஏறிவிடும். சன்னலுக்கு வெளியே மூங்கில் கம்பில் காயப்போடுபவர்கள், சீன நாள்காட்டியின் ஏழாம் மாதத்தில் மட்டும் வேலை உடையை உள்ளே காயவைப்பது நல்லது, கீழே வழிபாட்டுக்காகத் தாள்களை எரிக்கும் சாம்பல் மேலே பறந்து வந்து ஈரத்துணியில் படியும். முழுவதும் காய்ந்த பிறகே மடித்து வையுங்கள். ஈரம் மிஞ்சினால் வரும் புழுக்க வாடை உடுத்திய சூட்டில் மீண்டும் கிளம்பும். ஏப்ரனின் ஓரத்தில் நூல் பிரியத் தொடங்கினால், அதைக் கத்தரித்துவிட்டு மேலும் சில மாதம் ஓட்டலாம் என்று நினைக்க வேண்டாம். தரை துடைக்க ஒதுக்கிவிட்டு, தேக்கா சந்தையிலோ முஸ்தஃபா கடையிலோ புதியது ஒன்றை வாங்கி, முதல் முறை உடுத்துவதற்கு முன் இரண்டு தடவை துவைத்துப் பஞ்சைப் போக்கிவிடுங்கள்.