மீன் சந்தையில் மனிதரைப் படிப்பது எப்படி

திருகோணமலையில் உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு அளவையியலும் விஞ்ஞானமுறையும் படிப்பிக்கிறேன். ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளையாவது எழும்பிக் கேட்கும்: "ரீச்சர், மனிச நடத்தையைப் படிக்கிறது விஞ்ஞானமா, கலையா?" 1879இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வூண்ட் உளவியலுக்கென்று ஆய்வுகூடம் தொடங்கினார், ஆகவே விஞ்ஞானம் என்று சொல்லி முடித்துவிடலாம். பரீட்சைக்கு அது உதவும். ஆனால் அந்தப் பிள்ளைக்குக் கேள்வி தீராது. அதனால் நான் வேறு பதில் சொல்வேன்: ஒரு கொப்பி, ஒரு பேனை, ஒரு கூட்டாளி, விடிய ஆறரைக்கு மீன் சந்தை. மூன்று காலை ஒதுக்கினால் நீங்களும் செய்து பார்க்கலாம்.

முதலில் கேள்வியைச் சின்னதாக்குங்கள். "மனிதர் ஏன் இப்படி இருக்கிறார்கள்?" என்று கேட்டால் ஆயுள் முழுக்கப் பேசலாம், எண்ண முடியாது. "மீன் வாங்க வருபவர்களில் எத்தனை பேர் பேரம் பேசுகிறார்கள்?" என்று கேட்டால் எண்ணலாம்.

எண்ணுவதற்கு முன் எதை எண்ணப் போகிறீர்கள் என்று ஒரு வரியில் எழுத வேண்டும். இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். என்னிடம் படித்த இரண்டு பெண்பிள்ளைகள் ஒரே படியில் உட்கார்ந்து, அதே அரைமணி நேரம், அதே கடையைப் பார்த்தார்கள். ஒருத்தி 14 பேர் பேரம் பேசினார்கள் என்று எழுதியிருந்தாள். மற்றவள் 9. இரண்டு பேரும் பொய் எழுதும் பிள்ளைகள் இல்லை.

வரிவரியாகப் பார்த்தோம். நீலச் சீலை கட்டிய ஒரு அம்மாவிடம்தான் முதல் சிக்கல். அவர் பாரை மீனின் வயிற்றை விரலால் அமத்திப் பார்த்தார். செவுளைத் தூக்கிப் பார்த்தார். விலை கேட்டார். "கிலோ ஆயிரத்து இருநூறு அக்கா" என்றார் கடைக்காரத் தம்பி. அந்த அம்மா வாயே திறக்கவில்லை. பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு இரண்டு அடி நடந்தார். "சரி சரி, வாங்கோ, ஆயிரத்து நூறுக்கு எடுங்கோ" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அவர் திரும்பி வந்து வாங்கினார். இது பேரமா? ஒருத்திக்கு ஆம். மற்றவளுக்கு, ஒரு சொல்லும் பேசாததைப் பேரம் பேசினார் என்று எழுத முடியாது. வீடு போகும் வழியெல்லாம் இருவரும் சண்டை. எனக்கு அன்று பெரிய சந்தோசம். விஞ்ஞானம் அந்தச் சண்டையில்தான் தொடங்குகிறது என்று நான் நம்புகிறேன்.

சண்டையைத் தீர்த்தது அவர்களே. வாய்ப்பேரம், கால்பேரம் என்று கொப்பியில் இரண்டு நிரல் போட்டார்கள். விலை கேட்டபின் குறைந்த விலை ஒன்றை வாயால் சொன்னால் முதலாவது. பதில் சொல்லாமல் இரண்டு அடியாவது நகர்ந்தால் இரண்டாவது. நீங்களும் கண்ணுக்கும் காதுக்கும் பிடிபட்டதை மட்டும் எழுதுங்கள். "கோபமாகப் போனார்" என்று எழுதாதீர்கள். கோபத்தை நீங்கள் காணவில்லை, கால் நகர்ந்ததைத்தான் கண்டீர்கள்.

அப்புறம் மொத்தத்தை மட்டும் ஒப்பிட்டுத் திருப்திப்படக் கூடாது. இருவருக்கும் 9 வரலாம், ஆனால் இருவரும் குறித்த ஒன்பது பேர் வேறு வேறாக இருக்கலாம். குருட்டாம்போக்கில் குறித்தாலும் சில இடங்களில் ஒத்துப்போகும். அந்தத் தற்செயல் ஒற்றுமையைக் கழித்துவிட்டு மிச்சத்தை அளக்க ஜேக்கப் கோஹன் என்ற உளவியலாளர் 1960இல் ஒரு வழி சொன்னார். கணக்குப் போடாவிட்டாலும் ஆள் ஆளாக ஒப்பிடுங்கள்.

யாரைப் பார்ப்பது என்பதையும் கண்ணிடம் விட்டுவிடாதீர்கள். கண் சத்தம் போடுபவரிடம்தான் ஓடும். சந்தையில் சத்தமில்லாமல் வாங்கிப் போகிறவர் எத்தனையோ பேர். பபூன் குரங்குகளை ஆராய்ந்த ஜீன் ஆல்ட்மன் 1974இல் எழுதிய கட்டுரை இதைத்தான் சொன்னது: கண்ணில் பட்டதை எல்லாம் எழுதினால் எடுப்பாகத் தெரிவது மட்டுமே கொப்பியில் நிறையும். ஒன்றைத் தெரிந்தெடுத்து, குறித்த நேரம் அதையே பின்தொடர வேண்டும். குரங்குக்குச் சொன்ன முறை நமக்கும் பொருந்தும். வாசலால் வரும் ஒவ்வொரு ஐந்தாவது ஆளையும் எடுங்கள். பிடித்த முகம், பிடிக்காத முகம் என்று பார்க்க வேண்டாம்.

முதல் நாள் எழுதியதைத் தனியே வைத்துவிடுங்கள். எங்கள் பிள்ளைகளைக் கொப்பியோடு கண்டதும் கடைக்காரர் ஒருவர் தராசைத் துடைக்கத் தொடங்கினார். "நிறுவை பார்க்க வந்த பிள்ளைகளோ?" என்று கேட்டார். சிகாகோவுக்கு அருகில் ஹாதோர்ன் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை நடந்த ஆய்வுகளை வைத்து, கவனிக்கப்படுகிறோம் என்று தெரிந்தால் மனிதரின் வேலையே மாறுகிறது என்று பேசத் தொடங்கினார்கள். அந்த முடிவுகளைப் பின்னால் வந்தவர்கள் மீண்டும் ஆராய்ந்து நிறையவே வாதிட்டார்கள். வாதம் இருக்கட்டும், தராசு துடைத்ததை நான் கண்டேன். மூன்றாம் நாள் யாரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இவ்வளவும் எண்ணிக்கை. இனிக் கேட்பது. இதற்கு ஒழுங்காக ஒரு விதி எழுதித்தர என்னால் முடியவில்லை.

வெள்ளைச் சாரம் கட்டிய ஒரு ஐயா ஒவ்வொரு காலையும் வருவார். கடை கடையாக விலை கேட்பார். பதிலைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு நகர்வார். எதுவும் வாங்கமாட்டார். எங்கள் கொப்பியில் அவர் பெயருக்குக் கால்பேரம் ஐந்து, ஆறு என்று ஏறிக்கொண்டே போனது. நிரலின்படி எல்லாம் சரி. மூன்றாம் நாள் ஒரு பிள்ளை பிளேன்டீ வாங்கிக் கொடுத்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. கேள்வி கேட்கவில்லை. கொப்பியையும் மூடி வைத்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "நாப்பது வருசம் கடலுக்குப் போனனான் மகள். விலையைக் கேட்டா இண்டைக்கு ஆருக்கு எவ்வளவு பட்டது எண்டு விளங்கும்."

அவர் பேரமே பேசவில்லை. எண்ணிக்கை மட்டும் இருந்திருந்தால் அவரைத் தவறாக எழுதியிருப்போம். அந்தக் கதை மட்டும் இருந்திருந்தால் சந்தை முழுவதையும் அவரை வைத்தே நினைத்திருப்போம். என்னைக் கேட்டால், மற்றவர் சரிபார்க்கக்கூடியதாக எண்ணுவது விஞ்ஞானம். எப்போது கொப்பியை மூடுவது என்று தெரிவது கலை. இரண்டையும் ஒரே ஆள் பழக வேண்டும்.

கதை கேட்கும்போது நீங்கள் யார், எதற்கு எழுதுகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். எழுத வேண்டாம் என்றால் எழுதாதீர்கள். பெயரும் படமும் வேண்டவே வேண்டாம்.

கடைசியாக, உங்கள் கொப்பியைக் காணாத இன்னொரு சோடியை, உங்கள் வரைவிலக்கணத்தை மட்டும் கொடுத்து, அடுத்த கிழமை அதே படிக்கு அனுப்புங்கள். 2015இல் ஆய்வாளர்கள் பலர் சேர்ந்து 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது, 36 சதவீதம் அளவிலேயே மறுபடியும் தெளிவான முடிவு கிடைத்தது. பெரிய ஆய்வுகூடங்களுக்கே அப்படி. உங்களுக்கும் எண்கள் மாறி வரலாம். அதற்காக முதல் எண்ணைத் திருத்தாதீர்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, அன்று மழையா, போயா நாளா, வள்ளங்கள் கடலுக்குப் போயிருந்தனவா என்று கீழே குறியுங்கள். அழிறப்பரை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.