வேரியபிளைப் பெயர் சொல்லித் தேடாதீர்கள்

அல்சூரில் எங்கள் மாடியில் தங்கியிருக்கும் தம்பி ஒருவன் போன வாரம் லேப்டாப்போடு வந்தான். பெங்களூரு வாடகையைப் பகுதிவாரியாகக் காட்டும் பைத்தான் புரோகிராம். வாடகை_அல்சூர், வாடகை_இந்திராநகர் என்று பன்னிரண்டு வேரியபிள்கள், அதாவது தொகையைச் சேமிக்கும் பெயர்கள். பைத்தான் 3-இல் தமிழிலேயே பெயர் வைக்கலாம். அவன் அப்படி வைத்திருந்தது எனக்குப் பிடித்தது.

"அண்ணா, யூசர் டைப் பண்ற பகுதியை 'வாடகை_'யோட ஒட்டி இவால்ல போட்டேன். வேலை செய்யுது."

வேலை செய்யும். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. பைத்தானின் இவால்() (eval) பெயரைத் தேடுவதில்லை, கொடுத்த ஸ்ட்ரிங்கை, அதாவது எழுத்துத் தொடரை, கோடாகவே ஓட்டுகிறது. யூசர் 'அல்சூர்' என்று எழுதி, ஒரு கமா போட்டு, ஃபைலை அழிக்கும் கட்டளையையும் சேர்த்தால் அதுவும் ஓடும்.

சரி, புரோகிராமின் பொது வேரியபிள்களைப் பெயரோடு தரும் குளோபல்ஸ்() போதாதா? அது எதையும் ஓட்டாது. ஆனால் நாளைக்கு எடிட்டரில் வேரியபிளின் பெயரை மாற்றினால், ஸ்ட்ரிங்குக்குள் ஒட்டி உருவாகும் பெயர் மாறாது. யாராவது அந்தப் பகுதியைத் தேடும்போதுதான் எரர் வரும்.

ஒரு ஃபங்ஷனுக்குள் இருக்கும் வேரியபிள்களைத் தரும் லோக்கல்ஸ்() இன்னும் மோசம். ஃபங்ஷனுக்குள் லோக்கல்ஸ்()['வாடகை'] = 18000 என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் வாடகையை பிரிண்ட் செய்து பாருங்கள். பழைய தொகைதான் வரும், எரரும் வராது. ஃபங்ஷனின் வேரியபிள்கள் வரிசை எண் போட்ட இடங்களில் இருக்கின்றன; நம் கைக்கு வருவது அவற்றின் நகல்தான்.

இணையதளங்களுக்கான பிஎச்பி மொழிக்காரர்கள் இதே வலியைப் பெரிய அளவில் பட்டவர்கள். ரெஜிஸ்டர் குளோபல்ஸ் என்ற வசதியில், யூஆர்எல்லில் வந்த பெயரெல்லாம் தானாகவே வேரியபிள் ஆகிவிடும். 2002-இல் அதை இயல்பாகவே அணைத்து வைத்தார்கள், 2012-இல் 5.4 பதிப்பில் அடியோடு எடுத்துவிட்டார்கள்.

பகுதியின் பெயர் யூசரிடமிருந்து வருகிறது என்றால் அது டேட்டா. அதை வேரியபிள் பெயருக்குள் ஒளித்து வைக்கக் கூடாது. பன்னிரண்டு வேரியபிள்களையும் எடுத்துவிட்டு, வாடகை என்று, பகுதியின் பெயரைக் கொடுத்தால் தொகையைத் தரும் ஒரே டிக்‌ஷனரி வைத்தோம். வாடகை.கெட்(பகுதி) என்று கேட்டால், இல்லாத பகுதிக்கு None, அதாவது 'எதுவும் இல்லை' என்ற மதிப்பு வரும். 'அந்தப் பகுதி பட்டியலில் இல்லை' என்று யூசருக்குச் சொல்லிவிடலாம். தேடும் முன், ஓரத்து ஸ்பேஸ்களை நீக்கும் ஸ்ட்ரிப்() போட மறக்க வேண்டாம். 'அல்சூர்' என்பதன் பின்னால் ஒரு ஸ்பேஸ் இருந்தாலே அது வேறு பெயர்.

அப்புறம்தான் அவனுக்கு ஞாபகம் வந்தது: நாம் அல்சூர் என்கிறோம், மெட்ரோ பலகையில் ஹலசூரு என்று இருக்கிறதே! டிக்‌ஷனரியில் இன்னொரு கீ, அதாவது தேடும் பெயர், சேர்த்து, அதே தொகையைக் கொடுத்தான். ஒரே வரியில் முடிந்தது.