மழை நாளைக் கழித்துக் கணக்குப் போடுங்கள்

போன மாதம் என் தங்கை மகன் பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்தான். ஒரு ஏஜெண்ட் அவனைக் கூப்பிட்டிருக்கிறார்: நாளுக்கு 400 வெள்ளி (ரிங்கிட்), ஒரு வருஷ கான்ட்ராக்ட். இப்போது நிரந்தர வேலையில் அவன் சம்பளம் 5,500.

"மாமா, 22 நாள் போனாலே 8,800 வருது. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

உள்ளேயிருந்து என் அம்மா குரல் கொடுத்தார்: "நாள் சம்பளமா? அதுக்காடா படிச்சே?"

அம்மா கெடா பக்கம் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ராத்திரி மழை பெய்து மரம் நனைந்தால் காலையில் வெட்டு கிடையாது. வெட்டு இல்லாத நாளுக்குச் சம்பளமும் கிடையாது. தொழிற்சாலை மெஷின்களை ஓட்டும் பிஎல்சி புரோகிராம் எழுதி இன்வாய்ஸ் போடும் எனக்கும் இந்தப் பத்து வருஷமாக அதே கணக்குதான். அதனால் அவனிடம் ஒரு பேப்பரைக் கொடுத்து உட்காரச் சொன்னேன்.

முதலில் அது எந்த கான்ட்ராக்ட் என்று கேளுங்கள். நம்மூரில் இரண்டையும் ஒரே பெயரில் சொல்கிறார்கள். ஒன்று, காலம் குறித்த வேலை. பே ஸ்லிப் வரும், இபிஎஃப் (ஓய்வுகாலச் சேமிப்பு), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) பிடிப்பார்கள், லீவு உண்டு. அது முடிவு தேதி போட்ட வேலை, அவ்வளவுதான். இன்னொன்று, நீங்களே ஒரு கடை மாதிரி. எஸ்எஸ்எம் என்ற கம்பெனிப் பதிவு ஆணையத்தில் பதிந்து (சொந்தப் பெயரென்றால் வருஷத்துக்கு 30 வெள்ளி, கடைப் பெயரென்றால் 60) பில் போட வேண்டும். மருமகனுக்கு வந்தது இரண்டாவது.

இப்போது கணக்கு. அவன் நிரந்தர வேலையின் விலையை எழுதினோம். 5,500 வீதம் பன்னிரண்டு மாதம், 66,000. முதலாளி போடும் இபிஎஃப் 12 சதவீதம் (5,000க்கு மேல் சம்பளம் என்பதால்), அது 7,920. முதலாளி பங்கு சொக்சோவும் வேலை காப்புறுதியும் மாதம் ஏறத்தாழ 100, வருஷத்துக்கு 1,200. அவன் கம்பெனியில் தவறாமல் வரும் ஒரு மாத போனஸ் 5,500. கம்பெனி மருத்துவ அட்டை போனால் அவன் வயதுக்குச் சொந்தமாக எடுக்க மாதம் 240 கேட்டார்கள், 2,880. மொத்தம் 83,500.

அடுத்தது மழை நாள். வருஷத்தில் வார நாள் 260. அதில் விழும் பொது விடுமுறைக்கு 15 கழித்தோம். தீபாவளி, ஊர்ப் பயணம் என்று சொந்த லீவு 12, காய்ச்சல் தலைவலிக்கு 5. ஒரு கான்ட்ராக்ட் முடிந்து அடுத்தது கிடைக்கும் வரை 30. இந்த 30தான் எல்லாரும் எழுத மறக்கும் எண். மிச்சம் 198 நாள். 83,500ஐ 198ஆல் வகுத்தால் 422 வெள்ளி வருகிறது. அதாவது 400க்குப் போனால், 8,800 பார்க்கும் மாதங்களெல்லாம் சேர்ந்தும், அவன் இப்போது இருப்பதைவிடக் கீழே. பேனாவை வைத்துவிட்டு ரொம்ப நேரம் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

422 என்பது சமமாக நிற்கும் இடம்தான். பயத்துக்கும் ஒரு கூலி வேண்டாமா? நானாக இருந்தால் 500க்குக் கீழே அசைய மாட்டேன்.

காய்ச்சலுக்கு 5 நாள் என்பதும் தாராளமில்லை. 2019இல் எனக்கு டெங்கி. ஆஸ்பத்திரியும் வீடுமாக ஒன்பது நாள், அதில் ஏழு வேலை நாள். அப்போது என் ரேட் 350, ஆக 2,450 வெள்ளி போனது. நிரந்தர வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகாதவருக்கே சட்டப்படி 14 நாள் எம்சி (மருத்துவ விடுப்பு) சம்பளத்தோடு உண்டு, ஆஸ்பத்திரியில் படுத்தால் 60 நாள். வேலை போனால் வேலை காப்புறுதியில் ஆறு மாதம் வரை ஓரளவு பணம் வரும். இன்வாய்ஸ்காரனுக்கு அது இல்லை. சுயதொழில் செய்பவருக்கான சொக்சோ திட்டத்தில் சந்தா கட்டினால் வேலை விபத்துக்காவது பாதுகாப்பு கிடைக்கும். நான் கட்டுகிறேன்.

பணம் எப்போது கைக்கு வரும் என்பது ரேட்டைவிட முக்கியம். ஜனவரி முழுக்க வேலை செய்து 31ஆம் தேதி பில் போட்டால், 60 நாள் தவணைக்கு ஏப்ரல் பிறந்துவிடும். அதுவும் சொன்னபடி கொடுத்தால். ஒரு இடத்தில் கையெழுத்துப் போடுபவர் மாறிவிட்டார் என்று நான்கு மாதம் இழுத்தார்கள். வீட்டுக்காரியின் சங்கிலி அந்த நான்கு மாதமும் அடகுக்கடையில் இருந்தது. அதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கஷ்டம். ஆகவே நான்கு மாதச் செலவு கையில் இல்லாமல் ராஜினாமா எழுதாதீர்கள். மருமகனுக்கு மாதச் செலவு 3,800, வேண்டியது 15,200. கையில் இருந்தது ஆறாயிரம்.

வரியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சம்பளத்தில் பிடிப்பது நின்றுவிடும், நீங்களே கட்ட வேண்டும். சம்பளக்காரரின் பிஇ வரி பாரத்துக்குப் பதில் தொழில் செய்பவரின் பி பாரம், ஜூன் 30க்குள். பிறகு வரி வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒரு தவணை கேட்டு சிபி500 கடிதம் அனுப்பும். வரும் ஒவ்வொரு பில்லிலும் ஒரு பங்கை வேறு பேங்க் கணக்கில் போட்டு, கார்டை வீட்டில் வைத்துவிடுங்கள். ரசீதுகளை ஏழு வருஷம் வைத்திருக்க வேண்டும். வீட்டுக் கடன் எடுக்கும் எண்ணமிருந்தால் அதை முதலில் யோசியுங்கள். எனக்கு பேங்கில் இரண்டு வருஷ பி பாரம் கேட்டார்கள். அப்போது என்னிடம் ஒரு வருஷத்துடையதுதான் இருந்தது.

கடைசியாக ஒன்று கேட்டேன்: "இந்த ஏஜெண்டைத் தவிர உன்னைப் பேர் சொல்லி யார் வேலைக்குக் கூப்பிடுவாங்க?" என் முதல் மூன்று கான்ட்ராக்டும் பிறை தொழிற்பேட்டைக்கு மாறிப்போன பழைய சூப்பர்வைசர் ஒருவர் கொடுத்தது. நடு ராத்திரி நின்றுபோன கன்வேயரை நான் எழுப்பியதைப் பார்த்தவர். 2023இல் சிப் வியாபாரம் சரிந்தபோது பதினொரு வாரம் சும்மா இருந்தேன். அப்போதும் போன் அடித்தது பழகியவர்கள்தான். மருமகன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். ஒரு விரலோடு நின்றது.

இவ்வளவும் சொல்லும் நான் ஏன் திரும்பிப் போகவில்லை என்று கேட்டான். இப்போது என் ரேட் 650, வருஷத்துக்கு 170 நாள் போகிறேன். தைப்பூசத்துக்கு மூன்று நாள் தண்ணீர்மலை முருகன் கோவிலிலேயே கிடப்பேன், யாரிடமும் லீவு பாரம் நீட்ட வேண்டியதில்லை. ஆனால் எனக்கு 650 வர எட்டு வருஷம் ஆனது. அவன் மனைவிக்கு இது எட்டாவது மாதம்.

வாசலில் நின்றபடியே ஏஜெண்டுக்குப் போன் போட்டான். 500 வெள்ளி, 30 நாளில் பணம், நிறுத்துவதானால் ஒரு மாத நோட்டீஸ். மூன்றையும் கேட்டான். "செக் பண்ணிட்டுச் சொல்றேன்" என்றாராம். இன்னும் சொல்லவில்லை. அவன் இதற்குள் கம்பெனியில் தகப்பனுக்கான ஏழு நாள் லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டான்.