நிலாவெளி மணல் படத்திலும் வெள்ளையாக விழ வேண்டுமா?

திருகோணமலைக்குப் பக்கத்தில் உள்ள நிலாவெளிக் கடற்கரையில் எடுத்த படங்களில் மணல் சாம்பல் நிறமாகி, ஆட்களின் முகமும் கறுத்து விழுகிறதா? கமரா பழுதில்லை. எதைக் காட்டினாலும் அதன் ஒளிமானி நடுத்தரச் சாம்பல் என்று எண்ணித்தான் அளக்கும். வெண்மணலைக் கண்டால் வெளிச்சம் அதிகம் என்று தானாகவே குறைத்துவிடும். நாங்கள்தான் கூட்டிக் கொடுக்க வேண்டும்.

1. கனோன் கமரா என்றால் டயலை 'ஏவி'யில் வையுங்கள் (லென்ஸ் துளையை நாங்கள் வைப்போம், ஷட்டர் வேகத்தைக் கமரா பார்த்துக்கொள்ளும்). நிக்கோன் என்றால் 'ஏ'. ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, எஃப் எண் (துளையின் அளவு) 8. பகல் வெயிலுக்கு இது தாராளம்.

2. கூட்டல், கழித்தல் குறி போட்ட பட்டனை அழுத்திப் பிடித்தபடியே சக்கரத்தை உருட்டி, +1 இல் நிறுத்துங்கள். பலரும் தடுமாறுவது இங்கேதான். கண் கூசுகிற வெயிலில் நின்றுகொண்டு வெளிச்சத்தை இன்னும் கூட்டுவதற்கு மனம் வராது. கை தானாகக் கழித்தல் பக்கம் போகும். போக விடாதீர்கள். படத்தில் மணலே நிறைந்திருந்தால் +1.3 வரைக்கும் போகலாம்.

3. எடுத்த படத்தைத் திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வெயிலில் எந்தத் திரையும் மங்கலாகத்தான் தெரியும். ஹிஸ்டோகிராமை, அதாவது படத்தின் இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் மேடுகளாகக் காட்டும் வரைபடத்தைத் திறவுங்கள். மணலுக்குரிய மேடு வலப்பக்கம் நெருங்கி நிற்க வேண்டும், ஆனால் ஓரத்தில் முட்டக் கூடாது. முட்டினால் மணலின் வரிகள் அழிந்துவிடும், +0.7க்கு இறக்குங்கள்.

நேரத்தைப் பற்றி என் விருப்பம்: பின்னேரம். நிலாவெளி கிழக்கே பார்த்த கரை. பின்னேர வெயில் முதுகுக்குப் பின்னால் இருப்பதால், புறாத்தீவுப் பக்கம் கடல் நல்ல நீலமாக விழும். காசிருந்தால் முதலில் லென்ஸ் ஹூட் (லென்ஸில் பக்கவெயில் படாமல் மறைக்கும் வளையம்) வாங்குங்கள், ஃபில்டர் அப்புறம் பார்க்கலாம்.

பிற்சேர்க்கை: பட்டனை அழுத்தி உருட்டினால் எஃப் எண்தான் மாறுகிறது என்று சிலர் எழுதியிருந்தீர்கள். உங்கள் டயல் 'எம்'மில் (எல்லாவற்றையும் நாங்களே வைக்கும் முறையில்) இருக்கிறது. ஒரே சக்கரம் உள்ள கனோன், நிக்கோன் கமராக்களில் 'எம்'மில் அந்தப் பட்டனுக்கு வேலையே வேறு. 'ஏவி'க்கு வாருங்கள், சரியாகிவிடும். கைபேசிக்காரர்கள் மணலைத் தொட்டுவிட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே இழுத்தால் போதும்.

கடற்கரையில் லென்ஸைக் கழற்ற வேண்டாம். கண்ணாடியில் மணல் ஒட்டியிருந்தால் முதலில் புளோவரால் ஊதுங்கள். துணியால் துடைத்தால் கீறல் விழும்.

திரும்பும்போது திருகோணமலை பிரெட்ரிக் கோட்டை மான்களையும் எடுக்கப் போகிறீர்களா? முதலில் பட்டனை அழுத்திச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். பல கமராக்கள் அணைத்துப் போட்டாலும் +1ஐ அப்படியே வைத்திருக்கும். மர நிழலில் நிற்கும் மான் வெளுத்துப்போகும்.