மூன்று நாள் தவறான கோப்பைத் திருத்தினேன்

மண்டபம் ஊரில் அக்கா மகன், கட்டைகளை அடுக்கிக் கட்டும் கணினி ஆட்டமான மைன்கிராஃப்ட்டில் பாம்பன் பாலம் கட்டும்போது, பொருள்களோடு லாவாவில் (எரிமலைக் குழம்பில்) விழுந்துவிட்டான். "மாமா, மீட்டுத் தாங்க" என்றான். ஆட்டம் ஜாவா பதிப்பு, 1.20.1.

ஆட்டத்தின் கோப்புகளைத் திருத்தும் என்பிடி எக்ஸ்புளோரர் மென்பொருளில், ஆட்டக்காரரின் விவரம் இருக்கும் பிளேயர்டேட்டா கோப்பைத் திறந்து வைரப் பிக்காசைச் சேர்த்தேன். ஆட்டத்துக்குள் போனால் பொருள்கள் வைக்கும் பை காலி. ஆட்டத்தை மூடிவிட்டுச் செய்தேன், அப்போதும் காலி. ஸ்லாட் எண்களை, அதாவது பொருள் வைக்கும் கட்டங்களின் எண்களைச் சந்தேகித்தேன். கீழ்வரிசை 0 முதல் 8, பை 9 முதல் 35, எல்லாம் சரி. மூன்று நாள் போச்சு.

இந்தப் பதிப்பின் தனியாள் ஆட்டத்தில், உலகத்தின் விவரம் இருக்கும் லெவல்.டேட் கோப்புக்குள்ளேயே 'பிளேயர்' என்றொரு பகுதி இருக்கிறது. உலகம் திறக்கும்போது அதைத்தான் படிக்கிறது. நான் திருத்திய பிளேயர்டேட்டா கோப்பைப் படிப்பதில்லை. நகல் எடுத்துக்கொண்டு அங்கே திருத்தினேன். பிக்காசு வந்தது.

அப்புறம் ஒரு கூத்து: இந்தப் பதிப்பில் கவசங்களின் ஸ்லாட் எண்கள் காலிலிருந்து மேலே போகின்றன. காலணி 100, தலைக்கவசம் 103. நான் தலைகீழாகப் போட்டிருந்தேன்.