கானா பாடுகிறவர் வீட்டை நாவலாக எழுதுவது எப்படி? முதல் அத்தியாயத்துக்கான செய்முறை

கலைஞனைப் பற்றி முதன்முதலாக நாவல் எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் அவனுடைய திறமையைத்தான் எழுதுகிறார்கள். குரல் அப்படி, விரல் இப்படி என்று. நாலு பக்கத்தில் சரக்கு தீர்ந்துவிடும். அந்தக் கலைக்காக வீட்டில் யார் எதை விட்டுக்கொடுக்கிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்தால், முந்நூறு பக்கத்துக்கும் விஷயம் கிடைக்கும். சாவு வீட்டில் ராத்திரி இறந்தவரைப் பற்றிப் பாடுகிற மரண கானா பாடகர் ஒருவரின் வீட்டை உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

படி 1: தெருவைத் தேர்ந்தெடுங்கள்

‘வடசென்னையில் ஒரு குடும்பம்’ என்று ஆரம்பித்தால் கதை எங்கேயும் நிற்காது. காசிமேட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குப் போகிற வீட்டில் கடன் வாங்குவதும் கல்யாணத்தைத் தள்ளிப்போடுவதும் அதை ஒட்டித்தான் நடக்கும். ரயில்வே வேலைக்காரர்கள் நிறைந்த பெரம்பூரில் சம்பளத் தேதிதான் கணக்கு. நம் குடும்பத்தைப் புளியந்தோப்பில் குடிவைப்போம்.

படி 2: வருடக் கணக்கு போடுங்கள்

ஒரு தாளில் எல்லோருடைய பிறந்த வருடத்தையும் எழுதி, பக்கத்தில் ஊரில் நடந்ததை எழுதுங்கள். அப்பா பிறந்தது 1956. இருபது வயதில், 1976இல், பி அண்ட் சி துணி மில்லில் சேர்கிறார். மில் 1996இல் மூடப்பட்டபோது அவருக்கு 40 வயது. 1984இல் பிறந்த மகளுக்கு அப்போது 12.

இப்போது பாருங்கள், கதை தானாக வருகிறது. அதுவரை சிநேகிதர்களுக்காகச் சும்மா பாடிக்கொண்டிருந்தவர், இனி காசுக்குப் பாட வேண்டும். அக்கம்பக்கத்தில் யாராவது இறந்தால்தான் வீட்டில் அரிசி. இதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். நீங்களும் சொல்லாதீர்கள்.

படி 3: கலை நடக்கும் விதத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். பாடுகிறவர் முதலில் இறந்தவரின் பெயர், பார்த்த வேலை, பிள்ளைகள் பெயர் எல்லாம் வீட்டாரிடம் கேட்டுக்கொள்வார். அப்புறம் அவற்றைப் பாட்டுக்குள் கோத்துவிடுவார். டோலக், டேப் என்கிற தோல் வாத்தியம், புல்புல்தாரா என்கிற தந்தி வாத்தியம் எல்லாம் உண்டு. ஒன்றும் இல்லையென்றால் பெஞ்சைத் தட்டியே தாளம் போட்டுக்கொள்ளலாம். சாவு வீட்டில் போனைத் தூக்கிப் படம் பிடிக்காதீர்கள். வேறொரு நாள் பாடகரைப் பார்த்து, டீ வாங்கிக் கொடுத்து, பேசுங்கள்.

‘பாட்டு எப்படி மனசுல தோணும்?’ என்று கேட்டால் பேட்டிக்கான பதில்தான் கிடைக்கும். யார் வந்து கூப்பிடுவார்கள், காசு முன்னாடியா பின்னாடியா, எத்தனை மணிக்கு வீடு திரும்புவீர்கள், மறுநாள் தொண்டை எப்படி இருக்கும் என்று கேளுங்கள். சாவு வீட்டுக்குப் போய்வந்தவர் தலைக்கு ஊற்றிக்கொள்ளாமல் வீட்டுக்குள் நுழைய மாட்டார் இல்லையா? அந்தத் தண்ணீரை யார் பிடித்து வைத்தது? லாரித் தண்ணீருக்கு வரிசையில் குடம் போட்ட மகள்தான். எனக்கு இந்த நாவலே அங்கே தொடங்குகிறது.

படி 4: முதல் காட்சியை எழுதுங்கள்

“தண்ணி கீதா?”
“ரெண்டு கொடம்தான் கீது நைனா. இன்னிக்கு லாரி வராதாம்.”
“ஒண்ணு ஊத்து.”
அவள் ஊற்றினாள். அவர் தலையைத் துவட்டுவதற்குள் அம்மா இன்னொரு குடத்தை உள்ளே எடுத்துப்போய் மூடி வைத்தாள்.

காட்சி அவ்வளவுதான். பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனாலும் அவர் ராத்திரி எங்கே இருந்தார், அதற்காக வீடு எதைக் கொடுத்தது, அம்மாவுக்கு அதில் எவ்வளவு சம்மதம் என்பது தெரிகிறது. ‘அவளுக்கு அப்பாவின் கலை மீது கோபமும் பெருமையும் கலந்திருந்தது’ என்று எழுதத் தோன்றினால், எழுதிவிட்டு உடனே அடித்துவிடுங்கள்.

படி 5: பேச்சுமொழியை அளந்து போடுங்கள்

கதை சொல்கிற குரல் எழுத்துத் தமிழில் இருக்கட்டும். பேச்சில் மட்டும் அந்தப் பகுதியின் வழக்கு வரட்டும். அதிலும் எல்லோரும் ஒரே மாதிரி பேசுவதில்லை. ஆயா பேசுகிற மாதிரி கல்லூரிக்குப் போகிற பேத்தி பேச மாட்டாள். வரிக்கு வரி ‘இன்னா’, ‘கஸ்மாலம்’ என்று தூவினால் சினிமா காமெடியன் வந்து நின்றுவிடுவான்.

படி 6: பாட்டைக் குறைவாகக் காட்டுங்கள்

முழுப் பாட்டையும் அச்சில் போட்டால் மெட்டு இல்லாமல் தட்டையாகிவிடும். சொந்தமாக இரண்டு வரி எழுதினால் போதும். அதில் இறந்தவரின் மகன் பெயர் வரும்போது அந்த மகன் என்ன செய்கிறான் என்று காட்டிவிடுங்கள்.

கடைசியாக, இந்தக் கதையைக் கையில் எடுக்கிற எல்லோருக்கும் ஒரு முடிவு முதலில் தோன்றும்: அவர் வீட்டிலேயே ஒரு சாவு, அவரே பாடுகிறார். வாசகரும் பத்தாம் பக்கத்திலேயே அதை எதிர்பார்த்துவிடுவார். அந்தச் சாவு வேண்டுமென்றால் நாவலின் நடுவில் வையுங்கள். அன்று ராத்திரி பாட வெளியிலிருந்து யாரைக் கூப்பிடுவது, வந்தவருக்குக் காசு கொடுப்பதா வேண்டாமா என்று அம்மாவும் மகளும் சண்டை போடட்டும்.