யூட்டா போகிற நம்ம பேட்டைப் பிள்ளைகளுக்கு: கதவு தட்டும் மார்மன் ஊழியர்களிடம் பேசும்போது

போன மாதம் அக்கா மகளுக்கு விசா வந்தது. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்து சால்ட் லேக் சிட்டி பக்கம் வேலை. நான் அங்கே நான்கு வருடம் குடும்பம் நடத்திவிட்டுத் தண்டையார்பேட்டைக்குத் திரும்பியவள் என்பதால், எங்கள் தெருவில் யார் கிளம்பினாலும் என்னிடம் வந்து கேட்கிறார்கள். எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

வேலை விசாவில் போகிறவர்கள் சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கு (சம்பளத்துக்கும் வரிக்கும் அங்கே கேட்கிற அரசாங்க எண்) எழுதிக் கொடுங்கள், வங்கிக் கணக்கு தொடங்குங்கள், ஓட்டுநர் உரிமத்துக்குப் படியுங்கள். இதையெல்லாம் ஆபீசிலேயே சொல்லித் தருவார்கள். யாரும் சொல்லித் தராத விஷயம், ஒரு சாயங்காலம் உங்கள் கதவைத் தட்டும்.

மார்மன் ஊழியர்கள், அதாவது தங்கள் சபைக்கு ஆள் சேர்க்க வீடு வீடாக வருகிறவர்கள், இரண்டு இரண்டு பேராகத்தான் வருவார்கள். சட்டையில் கறுப்புப் பெயர் அட்டை. பையன்கள் என்றால் பெயருக்கு முன்னால் 'எல்டர்', பெண்கள் என்றால் 'சிஸ்டர்'. பையன்கள் இரண்டு வருடம், பெண்கள் ஒன்றரை வருடம், சொந்தக் காசையும் வீட்டுக் காசையும் போட்டு ஊழியம் செய்கிறார்கள். 1830இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய சபை அது. அவர் கொல்லப்பட்ட பிறகு பிரிகாம் யங் தலைமையில் 1847இல் சால்ட் லேக் பள்ளத்தாக்குக்கு வந்து ஊரையே உருவாக்கினார்கள். மார்மன் என்று கூப்பிடுவதை இப்போது அவர்கள் விரும்புவதில்லை; பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்ற முழுப் பெயரைத்தான் சொல்லச் சொல்கிறார்கள்.

என் வீட்டுக்கு வந்தவர்கள் இரண்டு பெண்கள். ஜனவரி மாதம், வெளியே முழங்கால் உயரத்துக்குப் பனி. என் வீட்டுக்காரருக்கு ராத்திரி ஷிப்ட், பகலெல்லாம் தூக்கம். எனக்கோ வேலை பார்க்க அனுமதி இல்லாத விசா. வாரக்கணக்கில் மனித முகம் பார்க்காமல் இருந்தவள், உள்ளே வாங்க என்று கூப்பிட்டேன். டீ போடட்டுமா என்றேன், சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றார்கள். டீ, காபி, சாராயம், புகையிலை எதுவும் அவர்களுக்கு ஆகாது. சரி என்று மிளகு ரசத்தைச் சுட வைத்து டம்ளரில் கொடுத்தேன். மூக்கு சிவக்கச் சிவக்க, இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு குடித்தார்கள். இருபது வயதுப் பிள்ளைகள். பார்க்கப் பாவமாக இருந்தது, பாசமாகவும் இருந்தது.

இயேசுவை நம்புகிறீர்களா என்று கேட்டாள் ஒருத்தி. நம்புகிறேன் என்றேன். நான் பொய் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை ஆர்மீனியன் தெரு அந்தோணியார் கோயிலில் மெழுகுவத்தி, வெள்ளிக்கிழமை திருவொற்றியூர் வடிவுடையம்மன் என்று அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தவள் நான். வடசென்னையில் பாதிப் பேர் அப்படித்தான். ஆனால் அங்கே அந்த ஒரு வார்த்தைக்கு வேறு எடை.

பிறப்பதற்கு முன்பே நாம் கடவுளோடு இருந்தோம் என்றார்கள். பூர்வஜென்மம்தானே, எங்களுக்கும் உண்டு என்று தலையாட்டினேன். அது வேறு, இது வேறு. அவர்கள் கணக்கில் பூமியில் ஒரே ஒரு பிறவிதான், மறுபடி பிறப்பதெல்லாம் கிடையாது. அப்புறம் அவர்களுடைய வேதநூலான மார்மன் புத்தகத்தைக் கொடுத்து, படித்துவிட்டு ஜெபம் செய்யுங்கள், உண்மையா என்று கடவுளே உங்களுக்குத் தெரியப்படுத்துவார் என்றார்கள். அடுத்த வாரம் எப்படி இருந்தது என்று கேட்டபோது, மனசுக்கு அமைதியாக இருந்தது என்றேன். எந்தக் கோயிலுக்குப் போய்விட்டு வந்தாலும் நாம் சொல்வதுதானே அது! அவர்களுக்கு அது பரிசுத்த ஆவி தந்த பதில். இருவர் கண்ணும் கலங்கிவிட்டது.

ஆறாவது தடவை வந்தபோது, இந்தத் தேதியில் ஞானஸ்நானம் எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டார்கள். நம் ஊரில் வீட்டுக்கு வந்தவரிடம் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்வோமா? "சரி, பார்க்கலாம்" என்று சொல்ல நினைத்தேன். இங்கிலீஷில் வாயிலிருந்து வந்தது "ஓகே". அவள் தேதியைக் குறித்துக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து போன். ஞானஸ்நானத்துக்கு வெள்ளை உடை என்ன அளவு வேண்டும் என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாட்டேன் என்று சொல்லி முடிக்கும்போது அந்தப் பக்கம் சத்தமே இல்லை, அப்புறம் அழுகை. அதற்குள் எதிர்வீட்டு அம்மா என் வீட்டுக்காரரை நிறுத்தி வாழ்த்து சொல்லிவிட்டிருந்தார். ஒரு வார்த்தை என்னிடம் சொல்லவில்லையே என்று அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்தப் பெண்களும் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார்கள். அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. கேட்டதை ஒளிவுமறைவில்லாமல் கேட்டார்கள், நான்தான் பதிலை ஒளித்து வைத்திருந்தேன். பிள்ளையை அழ வைத்துவிட்டோமே என்று இன்றைக்கும் உறுத்துகிறது.

அதனால் முதல் நாளே சொல்லுங்கள்: "வாங்க, பேசலாம், ஆனால் நான் சபையில் சேர மாட்டேன்." அதற்குப் பிறகும் வருவார்களா என்பது அவர்கள் விருப்பம். பேசவே விருப்பமில்லை என்றால் வாசலிலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், போய்விடுவார்கள். உண்மையிலேயே மனம் ஈர்த்தால் அது உங்கள் உரிமை. ஆனால் காபி போகும், சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு தசமபாகமாகப் போகும் என்று தெரிந்துகொண்டு, வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சேருங்கள். ராயபுரத்துக் கத்தோலிக்கப் பிள்ளைகளும் கேட்டுக்கொள்ளுங்கள்: நீங்கள் சின்னதில் பெற்ற ஞானஸ்நானத்தை அவர்கள் ஏற்பதில்லை. அவர்கள் கொடுப்பது செல்லாது என்று 2001இல் வத்திக்கானும் சொல்லிவிட்டது. பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுளுக்குள் மூன்று ஆட்கள் அல்ல, முற்றிலும் தனித்தனியானவர்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. எல்லாம் ஒரே இயேசுதானே என்று போய் உட்கார்ந்துவிடாதீர்கள்.

நேற்று அக்கா மகளைக் கூடத்தில் நிற்க வைத்து, நான் கதவைத் தட்டுகிறவளாக நின்று கேட்டேன். "இப்போ வேண்டாம் ஆன்ட்டி, அப்புறம் பார்க்கலாமே" என்று இழுத்தாள். "சித்தியிடம் சொல்கிற மாதிரி சொல்லாதே, திரும்பச் சொல்" என்றேன். நான்காவது தடவைதான் "நான் சேர மாட்டேன்" என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். அப்புறம் இரண்டு பேருமாக உட்கார்ந்து ஒரு கிலோ ரசப்பொடியைப் பொட்டலம் கட்டினோம். குளிரில் யார் வந்து நின்றாலும் ஒரு டம்ளர் கொடு என்றேன்.